விலை சந்தையின் கையில், அளவு நம் கையில்

(வாடகைக்கு விடவும் விற்கவும் முதன்முதலாக வீடு கட்டத் தொடங்குவோருக்காகத் திண்டுக்கல்லில் நடந்த கூட்டத்தில் கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



ஓய்வூதியப் பணம் கைக்கு வந்த ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். நாகல் நகரிலும் பேகம்பூரிலும் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர்களும் இருக்கிறீர்கள். சீலப்பாடியிலோ பாலகிருஷ்ணாபுரத்திலோ நத்தம் ரோட்டிலோ ஒரு மனை வாங்கிப் போட்டிருப்பீர்கள். கட்டலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்ற யோசனை ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் என்னிடம் பேசிய எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "சார், சிமெண்ட் விலை இறங்குமா?"

எனக்குத் தெரியாது. சிமெண்ட் விற்கிறவருக்கே அடுத்த மாத விலை தெரியாது. அதனால் விலையைப் பற்றிக் கொஞ்ச நேரமும், உங்கள் கையில் இருப்பதைப் பற்றி அதிக நேரமும் பேசப்போகிறேன். நான் சொல்ல வந்தது இதுதான்: விலையேற்றம் ஒரு முதலீட்டாளரைக் கொஞ்சம் காயப்படுத்தும். அளவு தெரியாமல் தொடங்குவதும், இழுத்தடித்து முடிப்பதும், எழுதாமல் ஒப்பந்தம் பேசுவதும்தான் அவரைப் படுக்க வைக்கும்.

முதலில் விலை எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். நான்கைந்து வருடங்களில் நடந்த மூன்று நிகழ்ச்சிகள் போதும்.

2022 தொடக்கத்தில் உக்ரைனில் போர் மூண்டது. நிலக்கரி விலை ஏறியது, கம்பி விலையும் கூடவே ஏறியது. அந்த மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி போட்டது. உள்ளூரில் விலை இறங்கியது. நவம்பரில் அந்த வரியை நீக்கிவிட்டார்கள். பழனி ரோட்டில் ஆறு தூண் எழுப்புகிறவருக்கும் கருங்கடல் ஓரத்துச் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அவர் வாங்கும் கம்பியின் விலையில் அந்தச் சண்டையும் சேர்ந்திருந்தது.

இரண்டாவது, ஜல்லியும் எம்-சாண்ட் என்னும் செயற்கை மணலும். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமம் உள்ள நிலத்துக்கு வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்து, 2025 ஏப்ரல் 4 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. சாதாரணக் கல்லுக்கு டன்னுக்கு 90 ரூபாய். கிரஷர்காரர்கள் யூனிட்டுக்கு 1,000 ரூபாய் ஏற்றினார்கள், பிறகு வேலைநிறுத்தத்திலும் இறங்கினார்கள். மாதக் கடைசியில் பேச்சு நடந்தது. சீனியரேஜ் என்று சொல்லும் உரிமத் தொகையை அரசு டன்னுக்கு 60 ரூபாயிலிருந்து 33 ரூபாயாகக் குறைத்தது. அவர்களும் ஏற்றிய ஆயிரத்தை இறக்க ஒத்துக்கொண்டார்கள். அந்த மாதத்தில் தளம் போட நாள் குறித்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மூன்றாவது நமக்குச் சாதகமானது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. வரியோடு 380 ரூபாய்க்கு விற்ற மூட்டையில் இந்தக் குறைப்பு முழுதாகக் கைக்கு வந்தால் ஏறக்குறைய 30 ரூபாய் மிச்சம். வந்ததா என்பது வேறு விஷயம். வேடசந்தூர்ப் பக்கம் கரிக்காலியில் சிமெண்ட் ஆலை இருக்கிறது. ஆலை பக்கத்தில் இருப்பதால் நமக்கு மட்டும் விலை குறைந்துவிடுவதில்லை. சிமெண்ட் நிறுவனங்கள் பல கூடிப் பேசி விலையை நிர்ணயித்தன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2012-இல் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு திரும்பி வந்தபோது, 2016-இல் ஆணையம் மறுபடியும் அபராதம் விதித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அரசும் தன் பங்குக்கு 2015-இல் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்ட் கொடுத்தது, 2021-இல் வலிமை சிமெண்ட்டைக் கொண்டுவந்தது. இத்தனைக்குப் பிறகும் சிமெண்ட் விலை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

போர், தீர்ப்பு, வரி. மூன்றில் எதையும் நீங்களோ நானோ தடுத்திருக்க முடியாது. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பேனா வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆயிரம் சதுரடி, அதாவது பத்துச் சதுரம் வீடு. எங்கள் தொழிலில் கைக்கணக்கு ஒன்று உண்டு. அந்த வீட்டுக்குச் சிமெண்ட் 400 மூட்டை, கம்பி 4 டன், மணல் 18 யூனிட், ஜல்லி பதின்மூன்றரை யூனிட். ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. கட்டுமானச் செலவு சதுரடிக்கு 2,200 என்று வைத்துக்கொண்டால் 22 லட்சம். இது கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்த எண். உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

நாலும் ஒரே நேரத்தில் ஏறுகிறது என்று வையுங்கள். சிமெண்ட் மூட்டைக்கு 40 ரூபாய்: 16,000. கம்பி கிலோவுக்கு 5 ரூபாய்: 20,000. எம்-சாண்ட் யூனிட்டுக்கு ஆயிரம்: 18,000. ஜல்லி யூனிட்டுக்கு ஆயிரம்: 13,500. ஆக மொத்தம் 67,500 ரூபாய். 22 லட்சத்தில் மூன்று விழுக்காடு சொச்சம்.

அடுத்து இதைப் பாருங்கள். வங்கிக் கடன் 15 லட்சம், வட்டி 9 விழுக்காடு. கடன் முழுதும் வாங்கிய பிறகு மாத வட்டி 11,250. ஜன்னல் கிரில் வரவில்லை, டைல்ஸ் தேர்வு செய்யவில்லை, மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் வட்டி மட்டும் எவ்வளவு? ஆறு பதினொன்றே கால், 67,500. நாலு பொருளும் சேர்ந்து ஏறியதற்குச் சமமான தொகை. வராமல் போன வாடகையை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இன்னொன்று. சுவர் எழும்பும்போது வீட்டில் யாராவது, "இந்தப் பக்கம் ஒரு ரூம் இழுத்துக்கலாமே" என்பார்கள். நூறு சதுரடி, 2,20,000 ரூபாய். சிமெண்ட் விலை ஏறியதைப் பற்றி ஒரு வருடம் புலம்புகிறவர் இந்த அறையை ஒரே நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். அது தான் குடியிருக்கக் கட்டுகிறவருக்குச் சொன்னது. அவர் அதிகம் செலவழித்தாலும் அந்த வீட்டில் வாழ்ந்து அனுபவிப்பார். முதலீட்டாளருக்கு அந்த அனுபவம் கிடையாது. அவருடைய கணக்கைப் பாருங்கள். மனை 15 லட்சம், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என ஒன்பது விழுக்காட்டில் 1,35,000, கட்டடம் 22 லட்சம், சம்பு, சுற்றுச்சுவர், மின் இணைப்பு, பிளான் செலவு 1,65,000. ஆக 40 லட்சம். வாடகை 11,000 என்றால் வருடத்துக்கு 1,32,000, போட்ட பணத்துக்கு 3.3 விழுக்காடு. கட்டடச் செலவு பத்து விழுக்காடு மிஞ்சினால் 2,20,000. அது இருபது மாத வாடகை. வீட்டுக்காரர் அதிகம் செலவழித்துவிட்டார் பாவம் என்று குடிவருகிறவர் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரமாட்டார். முகப்பில் ஒட்டிய கல்லுக்கும் தூணில் செய்த வேலைப்பாட்டுக்கும் வாடகை கிடையாது. இரண்டு குளியலறை, தண்ணீர், வண்டி நிறுத்த இடம், இவற்றுக்கு உண்டு. 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு வாடகைக்கு வீடு தேடுகிறவர்களில் மாணவர்களும் செவிலியர்களும் உண்டு. அவர்களுக்காகக் கட்டுவதா, குடும்பத்துக்காகக் கட்டுவதா என்பதை வானம் தோண்டும் முன்பே முடிவு செய்யுங்கள். அறைகளின் அளவு அதைப் பொறுத்தது.

இனி நம் கையில் இருப்பவற்றுக்கு வருகிறேன். முதலாவது அளவு.

சதுரடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் முடிப்பதுதான் நம் ஊர் வழக்கம். அந்த ஒரு எண்ணுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்கும் தெரியாது. கட்டமைப்பு வரைபடமும் அதிலிருந்து எடுத்த அளவுப் பட்டியலும் இல்லாமல் தொடங்காதீர்கள். எத்தனை கிலோ கம்பி, எத்தனை கன அடி கான்கிரீட், எத்தனை சதுரடிப் பூச்சு என்று எழுதி வாங்குங்கள். பட்டியல் கையில் இருந்தால்தான் மூன்று பேரிடம் விலை கேட்டு ஒப்பிட முடியும்.

வரைபடத்திலேயே பணம் மிச்சமாகும். கூரை உயரம் பத்தடி போதும் என்ற இடத்தில் பதினொன்று வைத்தால், சுவரும் பூச்சும் பெயிண்டும் பத்தில் ஒரு பங்கு கூடும். இரண்டு குளியலறைகளையும் முதுகோடு முதுகாக வைத்தால் குழாய்ச் செலவு குறையும். மலிவு என்று கோணல் மாணலான செங்கல்லை வாங்கினால், 12 மில்லிமீட்டரில் முடிய வேண்டிய பூச்சு 20 மில்லிமீட்டர் ஆகும். மூன்றில் இரண்டு பங்கு கலவை கூடுதல். கல்லில் மிச்சம் பிடித்ததைப் பூச்சு வாங்கிக்கொள்ளும். சாம்பல் கல்லோ நல்ல சேம்பர் செங்கல்லோ, எதுவானாலும் மட்டமான முகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரக்கு வந்து இறங்கும்போது அளந்து வாங்குங்கள். லாரித் தொட்டியின் நீளம், அகலம், உள்ளே சரக்கு நிற்கும் உயரம், மூன்றையும் டேப் வைத்து அடியில் அளந்து, பெருக்கி, நூறால் வகுத்தால் எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். கம்பிக்கு ஒரு சூத்திரம்: விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10.67 கிலோ. எத்தனை கம்பி என்று எண்ணி எடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். கம்பி எடையில் தரநிலையே கொஞ்சம் கூடக் குறைய அனுமதிக்கிறது. அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் கேளுங்கள்.

கம்பியை முன்கூட்டியே வாங்கி மூடி வைக்கலாம். சிமெண்ட்டை அப்படி வைக்கக்கூடாது. மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. விலை ஏறுமென்று பயந்து நானூறு மூட்டை அடுக்கி வைப்பவர், மூட்டைக்கு நாற்பது ரூபாய் மிச்சம் பிடித்து வலுவைத் தொலைக்கிறார்.

இரண்டாவது, இந்த மண்ணும் தண்ணீரும்.

நம் சமவெளி பாறை நிலம். பல இடங்களில் செம்மண்ணுக்குக் கீழே மூன்று நான்கு அடியில் சுக்காம்பாறை வந்துவிடும். சில இடங்களில் கரிசல் இருக்கும். பக்கத்து மனையில் ஐந்தடியில் நின்றது என்று நீங்களும் ஐந்தடி தோண்டுவது சூதாட்டம். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு அஸ்திவாரச் செலவில் சிறு பகுதி. பாறை மேலேயே இருந்தால் அஸ்திவாரத்தில் மிச்சமாகும். கரிசல் இருந்தால் எவ்வளவு கூடுதல் என்று முன்னாலேயே தெரிந்துவிடும். மனை பேரம் பேசும்போதே அதைக் குறைத்துக் கேட்கலாம்.

தண்ணீரைப் பற்றி இந்த ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லின் தோல் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தோல் தொழிற்சாலைகள் அபராதம் கட்ட வேண்டிய மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. உப்பு ஏறிய போர்வெல் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியத் தரநிலை 456 சொல்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். தேறவில்லை என்றால் டேங்கர் தண்ணீர்ச் செலவை முதல் நாளே பட்டியலில் எழுதுங்கள். கலப்புச் சிமெண்ட் என்றால் குறைந்தது பத்து நாள் நீராற்ற வேண்டும். தண்ணீர்க் கணக்குப் போடாதவர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார். மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது. கம்பி, கலவை விகிதம், நீராற்றல், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய், தளத்தின் நீர்க்காப்பு ஆகிய ஆறில் கைவைத்துச் சேமித்தால், ஐந்தாறு வருடத்தில் பழுதுபார்க்க இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது காலம். காலத்தைச் சுருக்க அரசே ஒரு வழி கொடுத்திருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுரடி வரையுள்ள மனையில் 3,500 சதுரடி வரை தரைத்தளமோ தரையும் ஒரு மாடியுமோ கொண்ட வீட்டுக்கு, இணையவழியில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். வரைபடத்தை அந்த அளவுக்குள் அடக்கினால் அலுவலகத்துக்கு அலைவது குறையும். ஆனால் மனை அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவை நிறுத்தியது நினைவிருக்கும். மலிவாகக் கிடைக்கும் மனைக்குப் பின்னால் வரன்முறைக் கட்டணம் காத்திருக்கலாம்.

ஆடியில் தொடங்கமாட்டோம், மார்கழியில் நிலை வைக்கமாட்டோம் என்பது நம் வழக்கம். வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. அந்த மாதங்களை அட்டவணையில் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். ஆடியில் கடைகளில் கூட்டம் குறைவு. கம்பிக்கும் டைல்ஸுக்கும் பேரம் பேச அது நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் அஸ்திவாரம் மேலே வந்திருக்க வேண்டும். டைல்ஸ், கதவு, மின்விளக்கு, குழாய் எல்லாவற்றையும் தளம் போடும் முன்பே தேர்வு செய்துவிடுங்கள். வேலை நின்றுபோகப் பணமில்லாமை மட்டும் காரணமல்ல, முடிவெடுக்காமையும் காரணம்.

கடன் விஷயத்தில் ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை ஆறரையிலிருந்து ஐந்தே கால் விழுக்காடாகக் குறைத்தது. 15 லட்சத்துக்கு ஒன்றே கால் விழுக்காடு என்றால் வருடம் 18,750 ரூபாய். உங்கள் கடனில் அது இறங்கியதா என்று வங்கியில் கேட்டீர்களா? எம்-சாண்ட் யூனிட்டுக்கு ஆயிரம் ஏறினால் வரும் 18,000-க்குக் கொதிக்கிறோம், வருடா வருடம் வரும் இந்தத் தொகையைக் கேட்காமல் இருக்கிறோம்.

நான்காவது எழுத்து. விலை ஏறினால் யார் தாங்குவது? பெரும்பாலான ஒப்பந்தங்களில் இந்தக் கேள்வியே கிடையாது. விலை ஏறியதும் ஒப்பந்தக்காரர் பாதியில் நிற்பார், அல்லது சத்தமில்லாமல் சிமெண்ட்டைக் குறைப்பார். மத்தியப் பொதுப்பணித் துறையே தன் ஒப்பந்தங்களில் பொருள் விலை மாறினால் கூட்டவும் குறைக்கவும் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. நாமும் வைக்கலாம். ஒப்பந்தம் எழுதும் நாளில் சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி நாலின் விலையையும் அதில் எழுதுங்கள். ஐந்து விழுக்காடு வரை ஏறினாலும் இறங்கினாலும் அவர் பொறுப்பு. அதற்கு மேல் ஏறினால் வித்தியாசத்தை நாம் தருவோம், இறங்கினால் அவர் நமக்குத் தரட்டும். இது இரண்டு பக்கத்துக்கும் நியாயம். நியாயமான ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போடுவார்.

ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்ன விலையா, சேர்க்காததா என்றும் கேட்டு எழுதுங்கள். பொருளும் கூலியும் சேர்த்த ஒப்பந்தத்துக்கு வரி 18 விழுக்காடு. பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து, தனி வீடு ஒன்றுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் கொடுத்தால் அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. செலவில் மூன்றில் ஒரு பங்கு கூலி என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஆனால் பொருள் வாங்கி, அளந்து, கணக்கு வைக்க நேரம் இருப்பவர்தான் கூலி ஒப்பந்தம் கொடுக்க வேண்டும். கூலியைக் கொத்தனார், சித்தாள் வயிற்றில் அடித்துக் குறைக்காதீர்கள். நல்ல கொத்தனாரின் பூச்சில் கலவை வீணாகாது.

பில் இல்லாமல் வாங்கினால் மலிவு என்பார்கள். 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கிய நிலத்தையோ வீட்டையோ இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் லாபத்தில் 12.5 விழுக்காடு வரி. பில் இல்லாத செலவைச் செலவு என்று நிரூபிப்பது கடினம், அதுவும் லாபமாகிவிடும். இன்று கடையில் மிச்சம் பிடித்ததை அன்று வருமான வரித் துறைக்குக் கொடுப்பீர்கள்.

நாலைந்து பேர் சேர்ந்து அடுக்குமாடி கட்டலாம் என்று யோசிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டி, வீடுகளும் எட்டைத் தாண்டினால் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு கட்டாயம். வாங்குகிறவர்கள் கட்டும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்துக்கு மட்டுமே எடுக்கலாம். ஒரு கட்டடத்துக்கு வந்த பணத்தில் அடுத்த மனை வாங்கும் பழைய வித்தை அங்கே செல்லாது. ஒப்பந்தத்தில் எழுதிய விலையை ஜல்லி ஏறிவிட்டது என்று இஷ்டத்துக்கு உயர்த்தவும் முடியாது. அனுபவமில்லாமல் அதில் இறங்காதீர்கள்.

இதோ அந்த ஓரத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: "இவ்வளவு கணக்குப் போட்டா, கட்டவே வேண்டாம்னு ஆயிடுமே சார்?" ஆகலாம் அம்மா. அதுவும் ஒரு நல்ல விடைதான். கட்டடச் செலவோடு பத்து விழுக்காடு எதிர்பாராச் செலவைச் சேர்த்து, முதல் ஆறு மாதம் வாடகை வராது என்று வைத்துப் பாருங்கள். அப்போதும் மாதத் தவணையை உங்கள் மற்ற வருமானத்திலிருந்து கட்ட முடிந்தால் கட்டுங்கள். முடியாது என்றால் தரைத்தளத்தை மட்டும் கட்டி, மாடிக்குத் தூணும் அஸ்திவாரமும் விட்டு வையுங்கள். அதுவும் முடியாது என்றால் மனை மனையாகவே இருக்கட்டும், சுற்றி நாலு கல் நட்டு வில்லங்கச் சான்றும் பட்டாவும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற கட்டடத்தைவிட வெறும் மனையே மேல்.

இன்று வீட்டுக்குப் போய் ஒரு தாளை எடுங்கள். எத்தனை சதுரடி, எத்தனை மாதத்தில் முடியும், எத்தனை ரூபாய் வரை தாங்குவேன் என்று மூன்று எண்களை எழுதிக் கீழே குடும்பத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அதன் பிறகு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். சிமெண்ட் விலை என்ன ஆனாலும் அந்த மூன்று எண்கள் மாறாமல் இருந்தால் உங்கள் முதலீடு பிழைத்துக்கொள்ளும்.